சாய்ந்து வளர்ந்த பவளம்

நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன்பே பவளம் வளர்த்துவிட்டேன். கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சிரித்தவர்கள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் திட்டத்தில் எங்களுக்கும் இரண்டு வந்து இறங்கின. தனி அறை, ஜன்னலுக்குத் திரை, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று ஒரு பலகை. கோவில் கருவறை கெட்டது போங்கள். தொட்டால் கெட்டுவிடும் என்று மற்ற டீச்சர்கள் ஒதுங்கிக்கொண்டதால் சாவி என் கைக்கு வந்தது. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒரு கோடை விடுமுறை முழுக்க வரிவரியாகப் படித்தேன். சதுரம் வரைந்தேன், வட்டம் வரைந்தேன். அலுத்துவிட்டது.

அப்போதுதான் விலங்கியல் டீச்சரின் மேசையில் கிடந்த பாடப்புத்தகத்தில் பவளத்தைப் பற்றி ஒரு பத்தி கண்ணில் பட்டது. கடுகளவு உயிர். கண் கிடையாது, மூளை கிடையாது. கீழே இருப்பதன் மேல் தன் பங்குக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கும், அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்து சேர்ந்தே கடலுக்கடியில் மலை எழும்புகிறதாம். மேஸ்திரி இல்லை, வரைபடம் இல்லை, இப்படி நில், அப்படி உட்கார் என்று சொல்ல ஒரு அண்ணன் இல்லை. அந்தப் பத்தியை நான்கு முறை படித்தேன்.

பவளத்தைப் படமாக வரையக் கூடாது, வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். திரையின் அடியில் ஒரு புள்ளி, அதுதான் வளரும் நுனி. ஒவ்வொரு சுற்றிலும் அந்த நுனி மேலே ஒரு அடி போகலாம், இரண்டாகக் கிளைக்கலாம், அல்லது நின்றுவிடலாம். எது என்பதை மெஷின் சோழி உருட்டி முடிவு செய்யும். மற்றதெல்லாம் தானாக நடக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சுயநலமும் இருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பு தொடங்கியிருந்தார்கள். பத்தே பத்து இடம். நேர்முகத் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய ஒரு புரோகிராமோடு வர வேண்டும். அந்த இடத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையை வெட்கமில்லாமல் சொல்கிறேன்: பசித்தவளுக்குச் சோற்றின் மேல் இருக்கும் ஆசை. அப்பா போன பிறகு வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அண்ணனுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம், போடியில் ஏலக்காய் வியாபாரம், எனக்கு மாப்பிள்ளை தேடுவது என்று மூன்று வேலைகள். மூன்றாவதில் மட்டும் நஷ்டம். ஏழு பேரை நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"கடலக் கண்ணால பாக்காதவளுக்குக் கடல்ல என்ன சோலி?" என்றார் அண்ணன்.

"நம்ம காய வாங்குற டெல்லிக்காரன் மலையப் பாத்துட்டா வாங்குறான்?" என்றேன்.

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். பேச்சில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு என் வாயின் நீளம்தான் கண்ணில் படும்.

ஆனால் என் பவளம் எனக்கே அடங்கவில்லை. ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் கிளை கிளையை மூடி, தலை வாராத பிள்ளையின் முடியாகத் திரை முழுக்க அப்பிக்கொள்ளும். கிளைப்பதைக் குறைத்தால் துடைப்பக்குச்சி. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். மெஷினை உடைத்துவிடலாமா என்றுகூட ஒரு சனிக்கிழமை தோன்றியது.

அந்த மே மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்துப் பண்ணும் நேரம். ஏலத்துக்கு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. அதற்காக மரத்தில் ஏறி வேண்டாத கிளைகளைக் கழிப்பார்கள். எங்கள் கொட்டகையின் ஜன்னலுக்கு நேரே நல்ல அழகான கிளை ஒன்று, எனக்குப் பிடித்த கிளை. காலையில் பார்த்தால் அது தரையில் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மரத்தின் மேல் இருந்த ஆளை இறங்கவிடாமல் கீழே நின்று கத்தினேன்.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரத் தாயி கேக்கணும்? கொப்போட கொப்பு ஒரசுச்சு. ரெண்டுல ஒண்ணுதான் வெளங்கும்."

"அப்ப அந்தக் கோணக் கொப்ப வெட்ட வேண்டியதுதான?"

"அது முந்தி வந்தது. முந்துனது நிக்கும், பிந்துனது போகும். வெலகுங்க தாயி, அருவா கீழ விழுந்துரும்."

நான் விலகினேன். கோபம் தீரவில்லை, ஆனால் மண்டைக்குள் வேறு ஏதோ ஓடத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். நுனி ஒவ்வொன்றும் அடி எடுத்து வைக்கும் முன் சுற்றிலும் மூன்று புள்ளி தூரம் பார்க்க வேண்டும். அங்கே வேறு கிளை முந்தி வந்திருந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். ஓடவிட்டேன். கிளைக்குக் கிளை இடம் விட்டுக்கொண்டு அது எழுந்தது. எண்களை மாற்றினால் விசிறிபோல் விரிந்தது, இன்னும் மாற்றினால் மான்கொம்புபோல் நிமிர்ந்தது. காற்றுக்குக் கொஞ்சம் சாய்வும் கொடுத்தேன். அந்தத் தனி அறையில் செருப்பில்லாமல் ஒரு குதி குதித்தேன்.

"போகக் கூடாது" என்று அண்ணன் சொன்ன காலையில்தான் மதுரை ரயிலேறினேன்.

அறையில் இருவர். துறைத் தலைவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் ராமநாதபுரம் கடற்கரைக்காரரான ஒரு விரிவுரையாளர். புரோகிராமைப் பதிந்து கொண்டுபோயிருந்த என் கேசட்டை அவர்கள் மெஷின் ஏற்கவில்லை. "சரிம்மா, வேற என்ன பண்றது" என்று தலைவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். நான் அனுமதி கேட்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்து மனப்பாடமாக அடிக்கத் தொடங்கினேன். நாற்பது வரிக்குள்தான். படம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றேன்.

பாதி வளர்வதற்குள் தலைவர் என் தாளில் ஏதோ எழுதினார். எதிர் மேசைப் பிள்ளைகளின் எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய டீச்சர் நான். "வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

விரிவுரையாளர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி. ஏன்மா எல்லாக் கிளையும் ஒரே பக்கம் சாயுது?"

"காத்து சார்."

"கடலுக்குள்ள காத்தா?"

எனக்கு முகம் சுட்டது. போடிமெட்டைத் தாண்டி மேற்கேயிருந்து காற்று அடிக்கும் சரிவில் எல்லா மரமும் கிழக்கே சாய்ந்துதான் நிற்கும். சாயாத மரத்தை நான் பார்த்ததே இல்லை. என் பவளத்துக்கும் மேல்காற்றைக் கொடுத்திருந்தேன்.

"உங்க கடல்ல நீரோட்டம் இல்லையா சார்?" என்று விடாமல் கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா போகும், வரும். ஒரே பக்கம் தள்ளாது."

"அப்ப ஒரு எண்தான் சார் தப்பு." சுற்றுக்குச் சுற்று சாய்வு திசை மாறும்படி திருத்தினேன்.

"நேரமாச்சும்மா, வெளிய ஆள் நிக்கிறாங்க" என்றார் தலைவர்.

"வேண்டாம்னு எழுதிட்டீங்க, தெரியும் சார். தப்பான படத்தப் பாத்து எழுதியிருக்கீங்க. சரியானத முழுசாப் பாத்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." சொல்லிக்கொண்டே ஓடவிட்டேன்.

இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை நேராக எழுந்தது. விரிவுரையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இது எங்க ஊர்ல இருக்குறது சார்" என்றார் தலைவரிடம். தலைவர் பேனாவை எடுத்து முதலில் எழுதியதை அடித்துவிட்டு, "சேர்க்கலாம்" என்று எழுதினார். அதையும் தலைகீழாகவே படித்தேன்.

பிறகு கையெழுத்துப் போட ஒரு தாளைத் தள்ளினார். உறுதிமொழித் தாள். ஒழுங்காக வருவேன், கருவிகளைப் பாழாக்க மாட்டேன் என்று ஏழெட்டு வரி. கடைசியில், பெண்களுக்கு மட்டும் என்று ஒரு வரி: படிப்பு முடியும்வரை திருமணம் செய்துகொள்ள மாட்டேன்.

எனக்குக் கல்யாண ஆசை துளியும் இல்லை. ஏழு பேரே சாட்சி. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருவர் செய்துகொள் என்கிறார், இங்கே ஒருவர் செய்துகொள்ளாதே என்கிறார். என்னைக் கேட்பார் யாருமில்லை.

"ஆம்பளைங்களுக்கு ஏன் சார் இல்ல?"

"அவங்க கல்யாணம் பண்ணுனா படிப்பு நிக்காதும்மா. உங்களுக்கு நின்னுரும். சீட்டு வீணாப் போகும்."

அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இது செல்லாது."

"செல்லலைன்னா அடுத்த வருஷமும் வர்றேன் சார். வந்து இருபத்தஞ்சு நிமிஷம் உக்காருவேன்."

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மற்றத் தாள்களோடு வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

பெட்டியோடு கிளம்பிய அன்று அண்ணன், "போனா இந்த வாசல மிதிக்காத" என்றார். "லீவுக்கு வருவேன். தோட்டத்துல எனக்கும் பங்கு இருக்கு" என்றேன். வந்தேன், மிதித்தேன்.

வகுப்பில் ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. வருடக் கடைசியில் டைப்பிஸ்ட் விடுப்பில் போக, அடுத்த வருடத்து விண்ணப்பத்துக்கும் உறுதிமொழிக்கும் ஸ்டென்சில் வெட்டும் வேலையை, அதாவது படியெடுக்கும் மெழுகுத் தாளில் டைப் அடிக்கும் வேலையை, தலைவர் என்னிடம் கொடுத்தார். ஒன்பது பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பத்துப் பேரில் டைப் அடிக்க நான்தானா என்று எரிச்சலோடு உட்கார்ந்தேன். பெண்களுக்கு மட்டும் என்ற அந்தக் கடைசி வரி வந்ததும் அதை விட்டுவிட்டுத் தேதி, இடம், கையெழுத்து என்று அடித்து முடித்தேன். தலைவர் படித்துப் பார்க்காமலே ஒப்புதல் போட்டார்.

அந்த ஜூனில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி கழுத்தில் புதுத் தாலியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.