வேலுமணி தன் பெயரை அழித்தது

பத்தொன்பது வருடம் போர்வெல் ரிக்கில் வேலை பார்த்த வேலுமணிக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. நானூறு அடியில் பாறையை உடைக்கும் ஹேமர் சிக்கிக்கொண்டு முதலாளி போனில் கத்தினாலும், அவன் குழியின் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே கேட்கும் சத்தத்தைத்தான் கேட்பான். மேலே வரும் தூளைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பான். எது பாறை, எங்கே வெடிப்பு, எங்கே தண்ணீர் என்று தூளே சொல்லிவிடும். யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. கிளீனராக ஏறியவன், பார்த்துப் பார்த்து டிரில்லர் ஆனான். கடைசி ஆறு வருடம் ஆப்பிரிக்காவில்.

சங்ககிரிக்குத் தெற்கே இருக்கும் அவன் ஊரில் அவனைப் பற்றித் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவன் தங்கை இலக்கியா எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் சிவபிரகாஷைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் வேறு சாதி. சித்தப்பா சின்னண்ணன் பங்காளிகளைக் கூட்டி, அவள் செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகினார். ஈரத்தலையோடு நின்று, "ஊரு மட்டும் தெரிஞ்சாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றும் சொன்னார். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தது வேலுமணி ஒருவன்தான். அவன் அன்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் அவளுக்கு இருபதாயிரம் போய்க்கொண்டிருந்தது.

பேங்கில் அனுப்ப முடியாது. சித்தப்பாவின் மருமகனுக்கு அங்கேதான் வேலை. ஆப்பிரிக்க ஏஜெண்டு ஓவர்டைம் பணத்தை யூஎஸ்டிடியாகக் கொடுத்தான். டாலருக்குச் சமமாக ஓடும் கிரிப்டோ காசு அது. செல்போனுக்குள் வாலட் ஒன்று, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரி ஒன்று, அவ்வளவுதான். அதில் பேர் இல்லை, ஊர் இல்லை, அப்பன் பேர் இல்லை. அதையே இலக்கியாவுக்கும் சொல்லிக் கொடுத்தான். செல்போன் கடை வைத்திருந்த சிவபிரகாஷுக்கு அது சுலபமாகப் பிடிபட்டது.

இந்த வருடம் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அவர்கள் வழக்கத்தில் கோயிலுக்குச் சும்மா யாரும் கொடுப்பதில்லை. கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்க வேண்டும், பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ரசீது போட வேண்டும், லட்சம் தாண்டினால் கருங்கல்லில் வெட்ட வேண்டும். பெண் கிடைக்காமல் நாற்பத்திரண்டு வயதைத் தொட்ட வேலுமணிக்கும் கல்லில் ஒரு பெயர் வேண்டும் என்று இருந்தது. சித்தப்பா மகன் ஜெகதீஸ்வரன்தான் கோயில் வசூலைப் பார்த்தான். கம்ப்யூட்டர் படித்தவன். "யூஎஸ்டிடியாவே அனுப்புண்ணா, நான் மாத்திக்கறேன்" என்றான். வேலுமணி ஒரு லட்சத்துக்கு அனுப்பினான். ஜெகதீஸ்வரன் அந்தப் பரிமாற்றத்தின் லிங்க்கையே ரசீதாகக் குரூப்பில் போட்டான். மேலே பெரிய எழுத்தில்: வேலுமணி அவர்கள், ரூ. 1,00,000. கீழே நூற்றெழுபது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். வேலுமணி அதை மூன்று தடவை திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

விடுப்பில் ஊருக்கு வந்த மறுநாள் கோயிலுக்குப் போனான். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் வெட்டிய கல் சுவரில் ஏறியிருந்தது. கமிட்டி ஆட்கள் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"வாண்ணா!" என்றான் ஜெகதீஸ்வரன். "கோயிலுக்கு ஒரு லட்சம், வேற ஊட்டுக்கு மாசம் இருவதாயிரமா? உன்ற தாராளம் ஆருக்கு வரும்!"

"எந்த ஊட்டுக்கு?"

"அது தெரியாமத்தான் ரெண்டு நாளா மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன். கோயிலுக்கு வந்த லிங்க்க அமுக்குனேன். உன்ற வாலட்டு தெறந்துக்குச்சு. ஆரு குடுத்தா, ஆருக்குப் போச்சு, எல்லாம் வரிசையா நிக்குது. அஞ்சாந்தேதியானா ஒரே முகவரிக்குப் போவுது. அதைய கூகுள்ல போட்டேன். ஒரு செல்போன் கடைக்காரன் டாலர் வாங்கறேன் விக்கறேன்னு கடை வெலாசம், போன் நம்பரோட எழுதி வெச்சிருக்கறான். கூப்பிட்டேன், பொம்பள எடுத்தா." ஒரு போண்டாவை எடுத்துக் கடித்தான். "சின்ன வயசுலிருந்து கேட்ட குரல் தெரியாமப் போயிருமாண்ணா? நீ ஆப்பிரிக்கா போயி ஓட்ட போடற ஆளு. நான் உக்காந்த எடத்துலயே போடுவேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ உன்ற சோலியப் பாரு சாமி. நாளைக்குக் காலைல காரு போவுது. பேசிப்போட்டு வாரோம்."

"என்ன பேசப் போறீங்க சித்தப்பா?"

"பேசறதுக்கு என்ன இருக்குது?" என்றார் அவர்.

வேலுமணி புளியமரத்தடிக்கு வந்து அந்த லிங்க்கைத் திறந்தான். இதுவரை ரசீதின் மேல்பக்கத்தை மட்டுமே பார்த்தவன் முதல் தடவையாகக் கீழே தள்ளிப் பார்த்தான். மூன்று வருடத்து ஐந்தாம் தேதிகள் அத்தனையும் நின்றன. பேர் இல்லாத காசுதான். ஆனால் ஒளிவில்லாத காசு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த முகவரி யாருடையது என்று தெரியாதவரைக்கும்தான் அது காவல். அந்த ஒரு காவலையும் அவனே ஒரு லட்சம் கொடுத்து உடைத்திருந்தான். ஒரு போரில் மோட்டார் போட்டால் பக்கத்துத் தோட்டத்துப் போரில் மட்டம் இறங்கும் என்று நூறு பேருக்கு எச்சரிக்கை சொன்னவன் அவன். கீழே தண்ணீர் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருக்கிறது. தெரிந்தே இருந்த விஷயம். பற்களைக் கடித்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டான்.

அவன் நடந்ததைச் சொல்லி முடித்தான். பிறகு கேட்டாள்: "ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு இந்தக் காசுல அனுப்புனது நீதானண்ணா?"

"ஆமா சாமி."

"அதே பையில கைய உட்டுத்தான் கோயிலுக்கும் குடுத்தயா? உன்ற பேரு கல்லுல இருக்கோணும், நான் உசுரோட இருக்கோணும், ரெண்டும் ஒரே பையிலயா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"இது மூணாவது ஊடுண்ணா. பாப்பாளுக்கு இப்பத்தான் பக்கத்து ஊட்டுப் புள்ளைக பேரு சொல்ல வருது." குரல் உடைந்து மறுபடி நிமிர்ந்தது. "சரி, போன வெய்யி. சாமான் கட்டோணும்."

அழுதிருந்தால் தாங்கியிருப்பான். அவள் அழாததுதான் அவனுக்குள் எதையோ மூட்டிவிட்டது. அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். சின்னண்ணன், ஜெகதீஸ்வரன் என்று பெயர் சொல்லி, நாலு பக்கம் தன் கையாலேயே எழுதினான். எழுத்துப் பிழை இருக்கும் என்று இரண்டு தடவை வாசித்துத் திருத்தினான். மனு ரசீதில் சீல் விழும்வரை மேசையை விட்டு நகரவில்லை. இலக்கியாவும் சிவபிரகாஷும் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் கார் போனது. சாயங்காலம் வெறுமனே திரும்பியது. கடை ஷட்டர் இறங்கியிருந்தது, அவர்கள் குடியிருந்த எதிர் வீட்டில் பூட்டு.

அதற்கடுத்த நாள் காலையில், கமிட்டி ஆட்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து, வேலுமணி கிரைண்டர் மெஷினோடு கோயிலுக்கு வந்தான். பந்தல்காரனின் பிளக்கில் வயரைச் செருகினான். கல்லுக்கு முன்னால் போய் நின்று, தன் பெயரின் முதல் எழுத்தின்மேல் சக்கரத்தை வைத்தான். வெள்ளைத் தூள் பறந்தது.

"ஏய், என்னடா பண்ற!" சித்தப்பா ஓடிவந்தார். "சாமி கல்லுடா அது! கல்லுல வெட்டுனத அழிப்பாங்களா?"

"கல்ல ஒடைக்கறதுதான் சித்தப்பா என்ற பொழப்பு."

"கோயிலுக்குக் குடுத்தத மறுக்கா கேக்கறயா?"

"பணம் சாமிக்குக் குடுத்தது, இருக்கட்டும். பேருதான் உங்ககிட்டக் குடுத்துட்டேன். அதைய எடுத்துட்டுப் போறேன்."

ஜெகதீஸ்வரன் பிளக்கைப் பிடுங்க வந்தான். வேலுமணி திரும்பிப் பார்த்தான், கையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "தொட்டுப் பாரு" என்றான், சத்தம் போடாமல். ஜெகதீஸ்வரன் நின்றுவிட்டான். பத்தொன்பது வருடக் கோபம் மொத்தமும் அந்த முகத்தில் நின்றது.

கடைசி எழுத்தும் போன பிறகு மெஷினைக் கீழே வைத்தான். தூள் படிந்த விரலால் போனை எடுத்து, பங்காளிகள் குரூப்பில், தன் பெயர் போட்ட அந்தக் கோயில் ரசீதுக்கு அடியில் போலீஸ் மனு ரசீதின் படத்தைப் போட்டான். "இதுவும் எல்லாருக்கும் தெரியட்டும். என்ற தங்கச்சி ஊட்டுல ஒரு ஜன்னல் ஒடைஞ்சாலும் இந்த ரெண்டு பேருதான்" என்று எழுதினான். இதற்கு யாரும் கும்பிடு போடவில்லை. ஆனால் கார் மறுபடி கிளம்பவும் இல்லை.

ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியதும் புது வாலட் ஒன்று தொடங்கினான். பழையதில் மீந்திருந்ததிலிருந்து ஒரு காசுகூட அதற்கு மாற்றவில்லை. மாற்றினால் அதுவே பழையதையும் புதியதையும் இணைக்கும் சரடாகிவிடும். ஏஜெண்டிடம் புது முகவரிக்கே போடச் சொன்னான், ஊர்க்காரர் ஒருவருக்கும் அதைக் காட்டவில்லை. இனி அனுப்பும்போது தேதியையும் தொகையையும் மாதாமாதம் மாற்றுவதென்று முடிவு செய்தான். கல்லில் இருந்த பெயரை அரைத்துவிட்டான். அந்த மூன்று வருட ஐந்தாம் தேதிகளை அரைக்க எந்த மெஷினும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் ரிக்கின் லீவரை இழுத்து அழுத்துவான்.

இரண்டு மாதம் கழித்து இலக்கியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புது வாலட்டின் முகவரி மட்டும் இருந்தது.

"எந்த ஊரு சாமி?" என்று கேட்டு எழுதினான்.

"அது உனக்கு வேண்டாண்ணா" என்று பதில் வந்தது.