பால்வாடி வாசலில் ஒரு வாத்தியார்

பூதலூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். எதிரிலேயே பால்வாடி. அங்கிருந்த டீச்சரைக் கண்டால் பிள்ளைகள் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். என்னைக் கண்டால் மூக்கை மட்டும் துடைத்துக்கொள்ளும். பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், இறங்கியது, ருசிக்கவில்லை.

அது கூலிப் போராட்டக் காலம். அப்பாக்களில் பாதிப் பேர் சிறையில் இருக்க, அம்மாக்கள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மாணவி செல்வி பத்து நாளாக வரவில்லை. அவள் பால்வாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும், என் பிள்ளையையும் இழுத்துக்கொண்டாரா என்று சண்டைக்குக் கிளம்பினேன்.

உள்ளே உத்தரத்தில் தொங்கிய தூளியில் செல்வியின் கைக்குழந்தைத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கீழே அவள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போயிடறேன் சார்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. தம்பியோடு வகுப்புக்கு வந்தவளை, "இது பள்ளிக்கூடமா, பிள்ளை தாலாட்டுற இடமா?" என்று விரட்டியவன் நானேதான்.

"நடவு முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும் சார்" என்றார் டீச்சர்.

"வேணாங்க. தூளி எப்படிக் கட்டுறதுன்னு மட்டும் சொல்லிக்குடுங்க" என்றேன்.

மறுநாள் என் வேட்டி வகுப்பறையில் தூளியாகத் தொங்கியது. அறுவடை முடிந்தும் அதை நான் அவிழ்க்கவில்லை. அந்த வருடம் செல்வி அதன்பின் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. அந்தப் பயல்தான், நான் எவ்வளவு ஆட்டினாலும் அழுவான். டீச்சர் எதிரிலிருந்து வந்து தூக்கினால் சிரிப்பான்.

பொறாமை இன்னும் போகவில்லை.