வண்டியின் இடப்பக்கம்

அந்த மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பை இருக்கிறது என்றுதான் ஆறு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் ஷெட்டில் அதன் வலப்பக்கம் மட்டும் தெரியும். பழுப்பு நிறத்தில் தோல் பை, இரண்டு வார், மழையில் நனைந்து நனைந்து கறுத்துப்போன மூலைகள். இடப்பக்கம் சுற்றுச்சுவரைப் பார்த்தபடி இருக்கும். ஒரு பக்கம் பை இருந்தால் மறுபக்கமும் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நிரூபிக்காமல் விடையை எழுதாதே என்று எத்தனையோ தாள்களில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். பத்தடி தள்ளி நின்ற வண்டியின் அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். பார்க்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. ஊரூராகப் போய் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஆந்திரா என்று இருபத்தாறு வருஷம் சுற்றினார். முதலில் டிரைவர், பிறகு மேனேஜர். வடக்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வீட்டுக்கு வருவார். மழை விட்டதும் கிளம்பிவிடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையை மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. மகளுக்கு அம்மை போட்டபோது நான்தான் இருந்தேன். வீடு கட்டும்போது கொத்தனாரோடு மல்லுக்கு நின்றதும் நான்தான். அவர் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும் போய் நிற்பேன். "பாத்துப் போயிட்டு வாங்க" என்பேன். வளைவில் லாரி மறையும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் உள்ளே வருவேன்.

ஐம்பத்தைந்து வயதில், போதும் என்று வீட்டோடு வந்துவிட்டார். இனி மனுஷர் கண்முன் இருப்பார் என்று நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு மூன்று மாதம் ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தடதடவென்று சத்தத்தோடு அந்த வண்டி வந்து நின்றது. சேலத்திலிருந்து அவரே ஓட்டிவந்திருந்தார். நீளமாக, தாழ்வாக, எருமை படுத்திருப்பதுபோல ஒரு மோட்டார் சைக்கிள். தொலைதூரம் போவதற்கென்றே செய்ததாம். இறங்காமலே, பின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏறு புள்ள. மல்லசமுத்திரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"ஏனுங்க, இந்த வயசுல இதென்னுங்க கூத்து? எம்பட பள்ளிக்கூடத்துப் பசங்க பாத்தா போர்டுல படம் வரைஞ்சு வெப்பாங்க."

"சேலை கார்டெல்லாம் இருக்குது பாரு. கால் வெக்கறதுக்குத் தனியா எடம் குடுத்திருக்கறான். சேலை சக்கரத்துல மாட்டாது."

பார்த்தேன். பின் சக்கரத்தின் இடப்பக்கம் பளபளவென்று கம்பித் தடுப்பு. அதற்குக் கீழே, ஒரு பக்கமாக உட்காரும் பெண்கள் கால் வைத்துக்கொள்ள ஒரு மடக்குப் பலகை. கடையில் சுற்றிய பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மனசில் வேறொன்று உறுத்தியது. இருபத்தாறு வருஷம் ரோட்டோடு போனவர், வந்ததும் மறுபடி ரோட்டுக்குத்தான் வண்டி வாங்கியிருக்கிறார். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எங்கள் வீட்டில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் அதே மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள். அதில் நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்தும் ஒரு தம்பி இவரோடு ரொம்பவே ஒட்டிக்கொண்டார். வாரம் தவறாமல் எங்கேயாவது போவார்கள். போய் வந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுவார். "லாரில போனா ரோடுதான் தெரியும் புள்ள. இதுல போனா ஊரு வாசமே தெரியுது. நாமகிரிப்பேட்டை தாண்டறப்ப மஞ்ச வேகுது, அப்படியே மூஞ்சில வந்து அடிக்குது" என்பார். கொல்லிமலை வளைவுகளில் வண்டியைச் சாய்த்துத் திருப்புவதைக் கையாலேயே செய்து காட்டுவார். வாழப்பாடி தாண்டி ஒரு கடையில் விடியற்காலையில் குடித்த டீயைப் பத்து நிமிஷம் விவரிப்பார். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

வண்டி வந்து ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டீ போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியில் பை தொங்கியது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியின் வண்டி வாசலில் நின்றதையும் பார்த்திருந்தேன். அதில் இரண்டு பக்கமும் பை. சேலை கார்டைக் கழற்றினால்தான் இடப்பக்கம் பை மாட்ட முடியும் என்று அவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்திருந்தது. அவ்வளவுதான், எனக்குள் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கு என்று இருந்த இடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துணி மூட்டைக்கு இடம் செய்துவிட்டார். ஒரு தடவை 'பாக்கலாம்' என்றதற்கு இதுதானா! கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஆசை இருந்தது தெரிந்துவிடுமே! அதனால் கேட்கவில்லை.

அதிலிருந்து கேட் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அவர் விடியலில் கிளம்புவார். ஷெட்டிலிருந்து "போயிட்டு வாரேன் புள்ள" என்று குரல் வரும். அடுப்படியில் நின்றபடியே "ம்" என்பேன். வண்டி கேட்டைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்று உறுமும். ஊரை எழுப்பிக் காட்டுகிறார் என்று பல்லைக் கடிப்பேன். பிறகு சத்தம் கிளம்பித் தேய்ந்து மறையும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் போய் நிற்கவில்லை.

அவர் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. "நான் இருந்த ஊரையெல்லாம் நீ பாக்கோணும் புள்ள. உனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் எங்க படுத்தேன், எங்க சோறு தின்னேன், எதுவுமே நீ பாத்ததில்ல" என்பார். முட்டி வலி என்பேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்பேன். ஒரு நாள் அவர் விடாமல் கேட்க, வாயை அடைப்பதற்காக, "நான் ரிட்டயர் ஆகட்டும், அப்பறம் போலாம்" என்று சொல்லி வைத்தேன். சொன்ன கையோடு மறந்தும் போனேன்.

ஒரு மார்கழியில் நாலு பேராக சத்தீஸ்கர் வரைக்கும் போனார்கள். பதினைந்து நாள் கழித்துக் கறுத்து, உதடு வெடித்து, பையன்போலச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். "நாங்க ஓட்டுன போர்க் கெணத்துத் தண்ணி இது. இருவது வருசம் ஆச்சு. அடிபம்புல இன்னும் தண்ணி வருது. ஊரே குடிக்குது. உனக்குன்னு புடிச்சிட்டு வந்தேன்." அதை அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து, பழைய தண்ணீர்தானே என்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்திருந்ததை அவர் பார்த்தார். ஒரு வாய் குடித்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும் எனக்கு! இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு இருமல் வந்தது. பூமியைத் துளைக்கும்போது பறக்கும் கல் தூசியை அத்தனை வருஷம் மூச்சோடு இழுத்தது, நெஞ்சில் போய்ப் படிந்திருக்கிறது என்றார் டாக்டர். படிந்தது படிந்ததுதான், இனி இறங்காது என்றும் சொன்னார். கடைசி எட்டு மாதம் அவரால் அந்த வண்டியை நிமிர்த்தக்கூட முடியவில்லை. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொடுத்தேன். அங்கிருந்தும் வலப்பக்கம்தான் தெரியும். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மாதம் பிறந்தால் ஒரு கேள்வி கேட்பார். "ரிட்டயர் ஆக இன்னும் எத்தன மாசம் புள்ள?" பகலில் தனியாகக் கிடக்கிறாரே, துணைக்கு நான் வீட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். "இருவதுங்க." "பத்தொம்பதுங்க." அந்தக் கணக்கு பதினாறில் நின்றுபோயிற்று. தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம்.

இரண்டு மாதம் கழித்துக் கோழிப்பண்ணைத் தம்பி வந்தார். வண்டி இப்படியே நின்றால் வீணாகிவிடும், சர்வீஸுக்குக் கொண்டுபோய் வருகிறேன் என்றார். சாவியை எடுத்துக் கொடுத்தேன். வேறொரு பேட்டரி கொண்டுவந்திருந்தார். அதை மாட்டுவதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்தார். திருப்பி நிறுத்தினார். அப்போதுதான் இடப்பக்கம் என் கண்ணில் பட்டது.

பை இல்லை. சேலை கார்டு இருந்தது. ஒரு துளி துரு இல்லாமல், எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து முதல் நாள் பார்த்தது போலவே இருந்தது. கீழே அந்த மடக்குப் பலகை. அதன் மேல் அதே பாலிதீன் உறை, பழுத்துப்போய், கிழிந்து விழாதபடி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு.

"இந்தப் பக்கத்துப் பை எங்கீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பை எங்கீங்க்கா இருந்துச்சு? அண்ணன் ஒரு பைதான் மாட்டுனாரு. சத்தீஸ்கர் போனப்பவும் அப்படித்தான். அவரு துணி மூட்டை பூராவும் எம்பட வண்டிலதான் வந்துச்சு. அந்தக் கம்பியக் கழட்டுங்கண்ணா, இன்னொரு பை மாட்டலாம்னு நாங்க எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தோம். 'உங்கக்கா ரிட்டயர் ஆனா ஏறிக்கறேன்னு சொல்லியிருக்கறா, அவ எடத்துல எதுக்குடா பை'ன்னு சொல்லிருவாரு. நாங்க கேலி பண்ணாக்கூட சிரிச்சுக்குவாரு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றார். வேண்டாம், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். பேட்டரி மாட்டி வண்டி தடதடத்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவர் பின்னாலேயே கேட்டுக்குப் போனேன். கேட்டைத் தாண்டியதும் தம்பி வண்டியை நிறுத்தினார். ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் பழக்கமுங்க்கா. இங்க ஒரு நிமிசம் நிப்பாட்டாம கெளம்ப மாட்டாரு. நாங்கெல்லாம் ரோட்டுல காத்துக்கிட்டு இருப்போம். என்னண்ணான்னு கேட்டா, 'இஞ்சின் சூடாகட்டும்டா'ம்பாரு. திரும்பித் திரும்பி வீட்டப் பாப்பாரு. அதான் எனக்கும் அப்படியே வந்துருச்சு. வாரேனுங்க்கா."

எங்கள் கேட்டிலிருந்து திருச்செங்கோட்டு ரோட்டுக்கு இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். தம்பி திரும்பினார். வண்டியின் இடப்பக்கம் முழுசாக எனக்கு நேராக வந்தது. கம்பித் தடுப்பு, மடக்குப் பலகை, உறை, ரப்பர் பேண்டு எல்லாம் கண்ணுக்கு எதிரே போயின. இடது பக்கம் திரும்பும் வண்டி வீட்டுக்குத் தன் இடப்பக்கத்தைத்தான் காட்டும். கோணம் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தெரியாதா? ஆறு வருஷத்தில் ஒரே ஒரு விடியல், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்திருந்தால் போதும். பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் ஏறியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த மே மாதம் ரிட்டயர் ஆனேன். சால்வை, மாலை, குழுவாகப் படம் எல்லாம் ஆயிற்று. காரிலேயே போகலாம் அக்கா, அண்ணன் போட்ட போர்களைக் காட்டுகிறோம் என்று தம்பி கூப்பிட்டார். "பாக்கலாம்" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, வருகிறேன் என்றேன். மழை விட்டதும் போகிறோம். அந்த அடிபம்பில் ஒரு வாய் குடிக்க வேண்டும்.

வண்டியை விற்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள், எதற்கம்மா சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு என்று. அவளுக்கு என்ன சொல்வது? ஷெட்டில் இப்போது அதைத் திருப்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலில் நின்றால் பை தெரியாது, பை இல்லாத பக்கம் தெரியும். உறையை நான் பிரிக்கவில்லை. ஒரு ரப்பர் பேண்டு போன மாதம் இற்று அறுந்துவிட்டது, வேறொன்று போட்டேன். இஞ்சின் கெடாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்குப் போவேன். தம்பி ஒரு நிமிஷம் நிறுத்துவார். "பாத்துப் போயிட்டு வாங்க" என்பேன்.