பாதி இலையும் முழு இலையும்

அன்று நைனா, அம்மா, நான் மூவரும் விருந்துக்குப் போனோம், அக்கா வரவில்லை. இன்று செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கடக்கும்போது, தண்ணீர் தெளித்த வாழையிலை வாசனையில் அந்த நாள் திரும்பி வந்தது.

விருந்துச் சோறென்றால் பின்வாசலில் நின்று பாத்திரத்தில் வாங்கி வருவதுதான் எங்கள் வழக்கம். "நின்னு வாங்கறதுக்கு நான் வரல" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மதியம் ஒரு மண்டபத்தில் கட்சிக்காரர்களின் சமபந்தி விருந்து. எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்காரலாம் என்று மைக்கில் சொல்லியிருந்தும், அம்மா பழக்கத்தில் தூக்குச் சட்டியோடு பின்வாசலுக்கே போனாள்.

"இன்னாம்மா இங்க நிக்கறீங்க? உள்ள போய்க் குந்துங்க" என்றார் சாம்பார் வாளிக்காரர்.

"யாராவது எழுப்பிவுட்டா?" என்று அம்மா நைனாவிடம் கிசுகிசுத்தாள்.

"எழுப்பட்டும், பாத்துக்கலாம்."

யாரும் எழுப்பவில்லை. ஆனாலும் அம்மா பாதி இலையிலேயே எழுந்துவிட்டாள்.

மாலையில் தர்காவில் கந்தூரிச் சாப்பாடு. நைனாவோடு மூட்டை தூக்கும் காதர் மாமா கூப்பிட்டிருந்தார். அங்கே யாரும் சொல்லாமலே அம்மா பெண்கள் வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தால்சா ஊத்து!"

"கடைசி பஸ் போயிடும்டி" என்று நைனா சிரித்தார்.

"போவட்டும். சாப்ட்டுதான் எழுந்திருப்பேன்."

பஸ் போய்விட்டது. ஐந்து ரூபாய் கூடுதலாகச் செலவானாலே முணுமுணுக்கும் அம்மா, ஆட்டோவில் முதல் ஆளாக ஏறினாள். வீடு வரைக்கும் எண்பது ரூபாய்.