மூன்றாவது டிராக்கில் ஒரு கிரீச்

வேர்வையில் ஊறிய ஹெட்போன் பஞ்சின் வாசனை... கூடவே கொஞ்சம் கியர் ஆயில். ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி. லைனின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை. அங்கே கியர்பாக்ஸை ஒரு நிமிடம் சுற்ற விடுவார்கள். அந்தச் சத்தத்தை ஹெட்போனில் கேட்டு ஓகே, ரிஜெக்ட் என்று சொல்வதுதான் என் வேலை. வாலாஜாபாத்தில் நெல் போடும் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கவே முடியவில்லை. "காதுல கேக்கறதுக்கா சம்பளம் தரான்?" என்பார்.

அந்த அறையின் டிராயரில் ஒரு சிடி கிடந்தது. மெஷினை மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஹெட்போனைச் சோதிக்கக் கொண்டுவந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார். அட்டையில் பனி மூடிய ஒரு படகுத்துறை. பின்னால் மூன்று பெயர்கள்... பியானோ, பாஸ், டிரம்ஸ். அடியில் பொடி எழுத்தில் ஒரு மெயில் ஐடி.

யார் இவர்கள்? எந்த ஊர்? ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு ரூமுக்கு எடுத்து வந்தேன்.

ரூம் இருங்காட்டுக்கோட்டையில். நாலு பேருக்கு ஒரு ஃபேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமல்ராஜ் தன் பழைய லேப்டாப்போடு வந்தான். என்னோடு அதே லைனில் வேலை செய்தவன், மண்ணூர்க்காரன், மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதுவான்.

சிடியைப் போட்டோம். ஐந்து நிமிடம் ஓடியது.

"பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்றேன்.

"இதான்டா பாட்டு. ஜாஸ். ஒருத்தன் வாசிக்கசொல்ல மத்த ரெண்டு பேரும் எப்டி வுட்டுக் குடுக்கறாங்க பாரு. எங்க பேண்ட்ல எல்லாரும் ஒண்ணா ஊதிக்கினு இருப்போம்."

அவன் சொன்ன பிறகு எனக்கும் அது கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது டிராக்கில் மற்ற இருவரும் ஒதுங்கிக்கொள்ள, பாஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம் மட்டும் தனியாக வருகிறது. நல்ல கனமான குரலில் யாரோ மெதுவாகப் பேசுவது மாதிரி. அப்போதுதான்... கிரீச். மிகச் சன்னமாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மொத்தம் மூன்று.

"கேட்டுச்சா?"

"இன்னாது? எனக்கு ஒண்ணும் கேக்கல. உனுக்கு லீவு நாள்லயும் ரிஜெக்ட் பண்ணணும்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் நான் ரிஜெக்ட் செய்த மூன்று கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "நல்ல பீஸெல்லாம் தூக்கிப் போட்டுக்கினு கீற. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா பேக்கிங்குக்குப் போய்டு" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பேக்கிங் போனால் போகட்டும். இல்லாத சத்தம் எனக்குக் கேட்கிறதோ என்பதுதான் பயம். உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

சிடியில் கேட்டது உண்மையா என்று வாசித்தவர்களையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இல்லை என்று பதில் வந்தால் நானே பேக்கிங் கேட்டு வாங்கிக்கொள்வது என்று முடிவு. ஆனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ரிஜெக்ட் ஃபாரத்தில் எழுதும் இங்கிலீஷ். அப்படியே எழுதினேன்.

பொருள்: ஆல்பம். குறை: தேவையற்ற சத்தம். இடம்: மூன்றாவது டிராக், நாலாவது நிமிடம், மூன்று முறை. சந்தேகப்படும் காரணம்: சின்னச் சக்கரம், பேரிங்கில் கிரீஸ் இல்லை. தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்.

அனுப்பிய பிறகு அமல்ராஜிடம் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி, வாசிச்சவனுக்கே கம்ப்ளைன்ட் அனுப்பிகீற. நல்லாகீதுன்னு ஒரு வார்த்த எழுதக் கூடாது?"

மானம் போய்விட்டது. மெயிலைத் திருப்பி வாங்க வழி உண்டா என்றுகூட விசாரித்தேன்.

மூன்று வாரம் கழித்து பியானோ வாசித்தவர் பதில் போட்டிருந்தார். நார்வேயில் ஏதோ சின்ன ஊர். அந்த ஆல்பத்தைப் பற்றி அவருக்கு வந்த முதல் கடிதமே என் கம்ப்ளைன்ட்தானாம்.

"சத்தம் இருக்கிறது. பாஸ் வாசித்த ஊலாவ் என் நண்பன். உடம்பு முடியாமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தான். உச்ச சுரத்துக்குக் கை தந்தியின் அடிப்பக்கம் போகவேண்டும், அதற்குக் குனியும்போதெல்லாம் நாற்காலி லேசாக நகரும். இன்னொரு தடவை வாசிக்க அவனால் முடியவில்லை. ஆல்பம் வெளிவருவதற்குள் போய்விட்டான். அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. சக்கரம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

நாலைந்து தடவை படித்தேன். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. அமல்ராஜ் அந்த டிராக்கை மறுபடி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "ஆமாண்டா... கேக்குது" என்றான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், பிரித்தபடி ஓரமாகக் கிடந்த அந்த மூன்று பீஸிலும் பேரிங்கையே அறுத்துப் பாருங்கள் என்றேன். முனகிக்கொண்டே அறுத்தார்கள். இரண்டில் கிரீஸ் காய்ந்திருந்தது. ஒன்றில் சரியாகத்தான் இருந்தது, அது என் தப்பு. பேக்கிங் பேச்சு அதோடு நின்றது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. யாருக்கும் தெரியாத ஜாஸ் ஆல்பங்களைத் தேடித் தேடிக் கேட்பது. இதே டிரம்ஸ்காரர் மீன் குடோனில் பதிவு செய்த ஒன்று. பள்ளிக்கூட வாத்தியார்கள் நாலு பேர் கோடை விடுமுறையில் வாசித்த ஒன்று. பின்னட்டையில் பெயர்களைப் படித்துவிட்டு, இவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

இப்போது அந்தக் கண்ணாடி அறையில் ஆள் இல்லை. மைக்கும் சாஃப்ட்வேரும் கேட்கின்றன. என்னைவிடக் குறைவாகத்தான் தப்பு செய்கின்றன, ஒத்துக்கொள்கிறேன்.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது அந்த ஆல்பம் நெட்டில் கிடைத்தது. யாரோ ஒலியைச் சுத்தம் செய்து ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது டிராக், நாலாவது நிமிடம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாஸ் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. கிரீச் இல்லை. ஒன்றுகூட இல்லை. பெயர் போட்ட இடத்திலும் பியானோக்காரர் மட்டும்தான்.

கீழே கமென்ட்டில், "பாஸ்: ஊலாவ்" என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை பார்த்தால், யார் அவர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்... இவ்வளவு நீளமாகிவிட்டது.