ஆறு மா நிலமும் எதிர்த்தரப்பு வக்கீலும்

மன்னார்குடி முன்சீப் கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் சிவில் வழக்குகள் நடத்தினேன். நிலத் தகராறு, பாகப்பிரிவினை, அரிசி ஆலைக் கூட்டாளிகளின் சண்டை, இவைதான் என் பிழைப்பு. ஜெயித்த வழக்குகள் பலவும் மறந்துவிட்டன. தோற்ற வழக்கு ஒன்றை மட்டும் இன்றைக்கும் ஒரு விவரம் விடாமல் என்னால் சொல்ல முடியும்.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமும் வந்திருந்த காலம் அது. ஊருக்கு ஊர் கொடி, ஊர்வலம். அறுப்பு நேரத்தில் வயல் ஓரத்தில் போலீஸ் லாரி. பெயர் பதிவாகும் முன்பே குத்தகைக்காரரை வெளியே அனுப்பிவிட மிராசுதார்கள் பலர் அவசரப்பட்டார்கள். என் கட்சிக்காரரும் அவர்களில் ஒருவர். தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். நிலத்தைக் காரியஸ்தர்தான் கவனித்துக்கொண்டார்.

அந்த நிலத்தில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, ஒரு தம்பதி சாகுபடி செய்துவந்தார்கள். கணவர் இறந்ததும், அந்த அம்மாள் வெறும் கூலியாள், குத்தகைக்காரர் அல்ல, நிலத்தில் இறங்கக் கூடாது என்று தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டேன். குத்தகைக்குச் சீட்டு ஏதும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. காரியஸ்தர் சொன்னதை அப்படியே எழுதினேன். சந்தேகப்பட நான் மெனக்கெடவில்லை.

எதிர்த்தரப்பில் ஆஜரானவர் எங்கள் கோர்ட்டில் அப்போதிருந்த ஒரே பெண் வக்கீல். நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுவார். கோர்ட்டில் மேடைப்பேச்சு பேசுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

குத்தகை பேசியபோது உடனிருந்ததாகச் சொல்ல ஒரு முதியவர் அவருக்குச் சாட்சி. அந்த வருஷம் முழுக்க அந்த முதியவர் சீர்காழியில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்ததற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. அவர் கூண்டில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். பெண் வக்கீல் எழுந்தார்.

“இந்தச் சாட்சியை நான் விசாரிக்கலைங்க.”

முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். “வேற சாட்சி இருக்காம்மா?”

“அந்த அம்மாவைத் தவிர யாரும் இல்லைங்க. நிலத்தைப் பாத்துட்டு வர கோர்ட் சார்பா ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பணும்னு மனு குடுக்கறேன்.”

வெளியே வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “சீர்காழி விஷயம் எப்படிங்க தெரிஞ்சுது?”

“எந்த சீர்காழி சார்?” அவர் முகத்தில் நிஜமான குழப்பம். “காலையில அவரை நாலு கேள்வி கேட்டேன். எல்லாம் ஒப்பிச்ச மாதிரி வந்துது. நீங்க அங்க இருந்தீங்களான்னேன், தலையைக் குனிஞ்சுட்டார். நல்லது செய்யறதா நெனச்சு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. பொய்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் கூண்டுல ஏத்தறது?”

“கேஸ் தோத்துடுமே?”

“தோக்கலாம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மனுவை முன்சீப் ஏற்றுக்கொண்டார். ஐப்பசி மழையில் ஒரு வக்கீல் கமிஷனரோடு நாங்கள் இருவரும், காரியஸ்தரும், அந்த அம்மாளும் வயலுக்குப் போனோம். சம்பா நாற்று நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பயிர் தலை தெரியாமல் முழுகிக் கிடந்தது. கமிஷனர் மூலமாகப் பெண் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: இந்தத் தண்ணீர் எப்படி வடியும்?

“வடக்கு வரப்பை வாய்க்காலுக்கு வெட்டிவிட்டா வடிஞ்சிடும்” என்றார் காரியஸ்தர்.

அந்த அம்மாள் பதறிப்போனார். “ஐயையோ, அங்க வெட்டுனா வாய்க்கா தண்ணி உள்ள வந்துடுங்க. வாங்க, காட்டறேன்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தென்கிழக்கு மூலைக்குப் போய்க் குனிந்தார். தோள் வரைக்கும் கை தண்ணீருக்குள் போயிற்று. வைக்கோலும் களிமண்ணுமாக அடைத்திருந்த ஒரு பொதியைப் பிடுங்கி எறிந்தார். வரப்பின் மறுபக்கத்தில், பள்ளத்தில் இருந்த வடிகாலுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

“பனைமரத்தைக் கொடஞ்சு குழாயாப் பொதச்சதுங்க. நானும் அவருமா ஒரு கோடை பூரா கொடஞ்சோம்.”

பெண் வக்கீல் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. கமிஷனர் எழுதும் தாள் நனையாதபடி அவருக்குத் தன் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தான் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தார்.

வாதத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம். அன்றாடக் கூலிக்கு வருகிறவர் அடுத்தவர் நிலத்தில் ஒரு கோடை முழுவதும் இப்படி உழைப்பாரா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். என் வழக்கு தள்ளுபடியானது. அப்பீல் வேண்டாம் என்று நானே மிராசுதாரிடம் சொன்னேன். சில மாதங்களில் அந்த அம்மாளின் பெயர் குத்தகைதாரராகப் பதிவானது.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் வக்கீல் என் ஆபீசுக்கு வந்தார்.

“உங்க மிராசுதார் அவரோட அரிசி மில் கேஸை என்கிட்ட கொண்டுவந்திருக்கார் சார். மச்சினரோட கூட்டுத் தகராறு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னாத்தான் எடுப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷக் கட்சிக்காரர். “அவருக்காக நீங்க ஆஜராவீங்களா?” என்று சற்றுக் குத்தலாகவே கேட்டேன்.

“மில்லு நின்னா அங்க வேலை பாக்கறவங்களும் நிக்கணும் சார். அதோட, இந்த விஷயத்துல அவர் பக்கம் நியாயம் இருக்கு.”

ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றே வாய்தாவில் இரண்டு பேரையும் உட்காரவைத்து ராஜி பேசி முடித்தார். ஆலை ஒருநாள்கூட நிற்கவில்லை.

அடுத்த மாதமே வேறொரு நில வழக்கில் அவரும் நானும் மறுபடி எதிரெதிரே நின்றோம். இந்த முறை நான் முதல் நாளே அந்த வயலுக்குப் போய், நாலு வரப்பையும் நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.