கும்மிடிப்பூண்டியில் ரெண்டு பெடல்

எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மறுநாள் காலை சென்னையில் ஒரு பெரிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குத் தேர்வு. நான் எடுத்துக்கொண்டது அந்தக் காலத்து ஜெர்மன்காரர் ஒருவரின் இசை. அந்த மனுஷர் பாட்டின் மெட்டையே தூக்கிக் காலிடம் கொடுத்துவிட்டார். கைகள் இரண்டும் மேலே ஓடிக்கொண்டிருக்க, காலடியில் சுரத்துக்கு ஒன்றாக உள்ள பெடல் என்கிற மரக்கட்டைகளில் மெட்டை வாசிக்க வேண்டும். நான் பழகிவந்த ஆர்கனோ பழுதாகிக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆபீஸ் நண்பன் தேவராஜுக்குச் சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. "எங்க கோயில்ல ஆர்கன் கீதுப்பா. பெடலும் கீது," என்றான். வேறென்ன வேண்டும்? மறுபேச்சில்லாமல் அவனோடு கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் காலை ஏழரைக்குப் பாசஞ்சர், நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அத்திப்பட்டில் சிக்னல் கிடைக்காமல் அரை மணி நேரம் நின்றது. நான் வண்டித் தரையிலேயே காலால் மெட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

கோயிலில் இருந்தது கால் ஹார்மோனியம். கீழே ரெண்டே பெடல், காற்றடிக்க மட்டும். அட கடவுளே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெடல் இருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று தேவராஜுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாசிக்கிற அவன் தங்கை மேரிதான் சிரித்தாள்.

"மிதிக்கறதுக்குத்தானே பெடலு? மிதிங்கண்ணா, காத்து வரும்."

வந்தது வந்தாயிற்று என்று உட்கார்ந்தேன். கால் வாசிக்க வேண்டிய மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். இது நாங்கள் தமிழில் பாடுகிற பாட்டாச்சே என்று மேரி கணீரென்று எடுத்தாள். அவள் மெட்டைப் பாட, நான் கையால் மற்றதை வாசிக்க, கால் அது பாட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது. சாயங்கால ரயில் வரைக்கும் நாங்கள் நிறுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

மறுநாள் பெரிய ஆர்கனில் கை அருமையாகத்தான் ஆரம்பித்தது. கால் மட்டும் முந்தின நாள் வேலையை விடவில்லை. இடது, வலது, இடது, வலது. கோயில் முழுக்க லாரி ஹாரன் மாதிரி ரெண்டே சுரம் மாறி மாறி அலறியது. கேட்டுக்கொண்டிருந்த பாதிரியார் கைகாட்டி நிறுத்தினார். வேலை இன்னொருவருக்குப் போயிற்று. ரொம்ப நாள் வயிறெரிந்தேன்.

கும்மிடிப்பூண்டிக்கு இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. காலை வண்டியில் போங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன் தேடிப் போகிறவர்கள், மிதித்தால் காற்று வருமா, சத்தம் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மேரி மாதிரிப் பாட ஆள் இருந்தால், வெறும் காற்று வந்தாலும் போய்விட்டே வாருங்கள். மறுநாள் தேர்வு மட்டும் இருக்கக் கூடாது.